பதினேழால் வகுத்தால் ஐந்து மீதி

இன்று காலை கண் விழித்ததும், பாயைச் சுருட்டுவதற்கு முன்பே, ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபதைப் பதினேழால் வகுத்துப் பார்த்தேன். தாளில் இல்லை, மனதுக்குள். சில மாதங்களாக நான் முதலில் செய்கிற வேலை இதுதான். எழுபத்திரண்டில் பதினேழு நான்கு முறை போகும், மீதி நான்கு. நாற்பதில் இரண்டு முறை, மீதி ஆறு. அறுபத்தேழில் மூன்று முறை, மீதி பதினாறு. அடுத்தது நூற்று அறுபத்திரண்டு. அதில் எட்டு முறை என்று சொல்லிக்கொண்டேன், மீதி இருபத்தாறு. கடைசிப் பூஜ்யத்தை இறக்கினேன், இருநூற்று அறுபது ஆயிற்று. அதில் பதினைந்து முறை, மீதி ஐந்து. ஐந்துதான் சரியான விடை, உனக்கும் எனக்கும் அது மனப்பாடம். நிம்மதியாக எழுந்து, பாயை மூலையில் சாத்திவிட்டு, வெளியே தொட்டியடிக்குப் போய்ப் பல் விளக்க ஆரம்பித்தேன். வாயில் நுரையோடு பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. ஒற்றை இலக்கம் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து எப்படி வந்து உட்கார்ந்தது?

மீதி எப்போதும் வகுக்கிற எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இதை மலைப் பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவள் நான். நூற்று அறுபத்திரண்டில் பதினேழு ஒன்பது முறை போகும். நான் ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். அந்த ஒன்று அடுத்த படியில் பத்தாக மாறி வந்து சேர்ந்துகொண்டது, அதனால் கடைசி மீதி மாறவில்லை. நடுவில் செய்த தப்பு தன்னைத்தானே மூடிக்கொண்டது. யாராவது என்னிடம் விடையை மட்டும் கேட்டிருந்தால் நான் தேறியிருப்பேன். தப்பு எல்லோருக்கும் வரும், அதற்காக நான் பயப்படவில்லை. பதினேழால் வகுக்கும்போது இருபத்தாறு மீதி வந்ததைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் நிம்மதியாக எழுந்து போனேனே, அந்த நிம்மதிக்குத்தான் பயப்படுகிறேன். அடுப்பை மூட்டினேன், உன் அப்பாவுக்கு டீ போட்டேன், பள்ளிக்கு விடுப்பு சொன்னேன். இப்போது அவர் கொல்லியில் களை பார்க்கப் போய்விட்டார். நான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் அம்மா எழுதுகிற கடிதத்தில் என்ன இருக்கும் என்று நீ எதிர்பார்ப்பாயோ அதெல்லாம் இதிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்குக் கை வராது. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ பெங்களூரில் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "சொல்லும்மா, சீக்கிரம்" என்பாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுத்தில் என்றால் ஒவ்வொரு படியாகப் போகலாம். எங்கே தப்பு இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த எண் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளும் ஒரு நாள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அவளுக்கு நம் ஊர் பழக்கம் தெரியாது. உனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது. ஊர்ப் பொதுப் புளியமரங்களை உலுக்கிக் கூறு போடுகிற நாள். பழத்தை எல்லாம் களத்தில் கொட்டி, அந்த வருடம் ஊரில் இருக்கிற குடிகள் எத்தனையோ அத்தனை கூறாக வைப்பார்கள். சிலர் திருப்பூருக்குப் போயிருப்பார்கள், சிலர் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருப்பார்கள். வராத குடிக்குக் கூறு கிடையாது. அதனால் கூறுகளின் எண்ணிக்கை வருடா வருடம் மாறும். பிறகு ஒரு பிள்ளையைக் கூறுகளுக்கு முதுகு காட்டி நிறுத்துவார்கள். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லும், அந்த வீட்டுக்கு அந்தக் கூறு. அந்த வருடம் முதுகு காட்டி நின்ற பிள்ளை நீதான். எல்லாம் முடிந்த பிறகு களத்தில் ஒரு சின்னக் குவியல் மீந்தது. நாட்டாமை அதைத் தன் துண்டில் அள்ளிக்கொண்டார்.

நீ அவரிடம் போய், "ஏன் தாத்தா, எவ்ளோ பழம் இருந்தா எத்தினி குடி வந்தாலும் மீதியே வராது?" என்று கேட்டாய்.

"மீதியே வரலன்னா கூறு போட்டவன் வூட்டுக்கு இன்னாத்தடா எடுத்துக்கினு போவான்?" என்றார் அவர்.

"அதான பாத்தேன், கெயவன் துண்ட விரிச்சிக்கினே வந்தாரு," என்றாள் பக்கத்தில் புளியை மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. களமே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. உனக்கு விடை வேண்டும்.

ஊரில் மொத்தம் பதினாறு குடி. ஒன்றிலிருந்து பதினாறு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராத எண் எது என்பதுதான் உன் கேள்வி. வீட்டுக்கு வரும் வழியிலேயே உன் அப்பா, "எல்லாத்தியும் பெருக்கிடு, முடிஞ்சிது," என்றார். நீ பெருக்கினாய். இருபது லட்சம் கோடியைத் தாண்டிப் போயிற்று. "அம்மாம் புளிக்கி இந்த மல முழுக்க மரம் வெச்சாலும் பத்தாதுடா," என்று அவரே பின்வாங்கினார். அப்போது நான் உன்னை உட்காரவைத்து, எல்லாவற்றையும் பெருக்க வேண்டியதில்லை, வேண்டியதை மட்டும் எடு என்றேன். பதினாறை எடுத்துக்கொண்டால் இரண்டும் நான்கும் எட்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒன்பதை எடுத்தால் மூன்று அதற்குள் இருக்கிறது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய நான்கும் யாருக்குள்ளும் அடங்காதவை, அவற்றைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினைந்து எல்லாம் ஏற்கெனவே எடுத்தவற்றைக் கொண்டே உருவாகிவிடும். பதினாறையும் ஒன்பதையும் ஐந்தையும் பெருக்கினாய், எழுநூற்று இருபது. ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினாய், ஆயிரத்து ஒன்று. இரண்டையும் பெருக்கியதும் 720720 என்று வந்து நின்றது. ஒரே எண் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை எழுதிவைத்த மாதிரி. நீ வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் இருநூற்று நாற்பது இருக்கின்றன. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இதை நாம் பல நாள் எடுத்துக்கொண்டு சரிபார்த்தோம், நினைவிருக்கிறதா?

"புதுசா ஒரு குடி வந்தா?" என்று நீ கேட்டாய். பதினேழால் வகுத்தோம். ஐந்து மீதி. "அந்த அஞ்சும் நாட்டாம துண்டுக்கு," என்றார் உன் அப்பா.

மறுநாள் நீ அடுத்த கண்டுபிடிப்போடு வந்தாய். அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற 720721-ஐ இரண்டால் வகுத்தாலும் ஒன்று மீதி, மூன்றால் வகுத்தாலும் ஒன்று மீதி, பதினாறு வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மீதி. "யாராலயும் ஒடைக்க முடியாதும்மா. அது நானு," என்றாய். ஹாஸ்டலுக்குப் போகும்போது உன் தகரப் பெட்டியின் மூடியில் அதைப் பெயிண்டால் எழுதிக்கொண்டாய். பதினாறு வரை உடையவில்லை என்பதால் மட்டும் ஒரு எண் பகா எண் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். எண்ணூற்று ஐம்பதுக்குக் கிட்டே வரை ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. வீட்டை விட்டுப் போகிற பிள்ளை கையில் உடையாத ஒன்று இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு சாயங்காலம் போன் செய்தாய். "அம்மா, அது உடையுது. எழுபத்தொண்ணால போகுது."

"எது?"

"என் நம்பர். எழுபத்தொண்ணு இன்ட்டு பத்தாயிரத்து நூத்தி ஐம்பத்தொண்ணு."

எனக்கு ஏனோ வருத்தமாக இருந்தது. "ஏன்டா அத ஒடைச்ச?" என்று கேட்டேன்.

நீ சிரித்துக்கொண்டே, "நான் எங்கம்மா ஒடைச்சேன்? அது மொதல்லேர்ந்தே அப்பிடித்தான் இருந்துச்சி. நாம பாக்கல, அவ்ளோதான்," என்றாய். பிறகு உன் பாடத்தில் வந்ததைச் சொன்னாய். நூறு இருநூறு இலக்கம் உள்ள ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் ஒரு காரணிகூடத் தெரியாமலேயே, அது நிச்சயம் உடையும் என்று சொல்லிவிடலாமாம். உடையும் என்பது உறுதி, எங்கே உடையும் என்பது மட்டும் தெரியாதாம். அது என்ன கணக்கு என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். நீ சந்தோஷமாகச் சொன்னாய். அன்றைக்கு அது எனக்கு ஒரு அழகான கணக்காக மட்டும்தான் இருந்தது.

இனி உன் மாமாவைப் பற்றி. அவருக்கு உடம்பு சரியில்லை, மறதி என்று உனக்குத் தெரியும். அதற்குமேல் நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. ஒடுகத்தூரில் மாமாவின் கடலை மண்டியில் எல்லாம் எடைதான் என்றாலும், விதைக் கடலையை மட்டும் அவர் மரக்காலில்தான் அளந்து கொடுப்பார், வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். எங்கள் பக்கம் அளக்கத் தொடங்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்று சொல்வோம். அதன் பிறகு ரெண்டு, மூணு என்று போகும். போன வருடம் ஆடிப் பட்டத்துக்கு விதை வாங்க மலையிலிருந்து போன நாலைந்து பேரோடு நானும் போயிருந்தேன். மாமா சாக்குக்கு முன்னால் குந்திக்கொண்டு அளந்தார். "லாபம்," என்று சொல்லி ஒரு மரக்கால் கொட்டினார். அடுத்ததைக் கொட்டும்போதும் "லாபம்" என்றார். அதற்கு அடுத்ததற்கும் "லாபம்" என்றார்.

சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "இன்னா மொதலாளி, ரெண்டே வரமாட்டேங்குது? இப்பிடியே அளந்தின்னா மூட்ட ரொம்பனாலும் எனக்கு ஒரு மரக்கா கணக்குதான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, என் அண்ணனுக்கு இன்றைக்கு நல்ல குஷி என்று நினைத்துச் சிரித்தேன். மாமா மறுபடியும் "லாபம்" என்று கொட்டினார். அப்போது உள்ளேயிருந்து அண்ணி வந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "குட்த்துடுங்க, நா அளக்கறேன். காலைலேர்ந்து கை வலிக்குதுன்னீங்களே," என்று மரக்காலை வாங்கிக்கொண்டார். கை வலி ஒன்றும் இல்லை. அண்ணிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஊர் கண்டுபிடிக்காமல் எத்தனை நாளாக இப்படி மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தாரோ. அளக்கும்போது சொல்கிற அந்த ஒரு வார்த்தைதான் எங்களை ஏமாற்றிவிட்டது. அவர் ஒன்று, ஒன்று, ஒன்று என்று சொல்லியிருந்தால் எங்களில் ஒருவருக்காவது அன்றைக்கே சுருக்கென்றிருக்கும். நல்ல சொல்லாக இருந்ததால் எல்லோரும் சிரித்தோம்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணியோடு நானும் போனேன். டாக்டர் சின்னப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள். மாமாவிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாள். "தொண்ணூத்தி மூணு," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து சத்தமில்லாமல் எண்பத்தாறு என்றேன். டாக்டர், "நீங்க சொல்லாதீங்கம்மா," என்றாள். மாமா அவளிடம், "திட்டாத டாக்டரு. சின்ன வயசுலேர்ந்து இவ எனக்கு இப்பிடித்தான் சொல்லிக் குடுப்பா. நா பாஸானதே இவளாலதான்," என்றார். டாக்டர் சிரித்துவிட்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

என் அப்பா ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இதே மாதிரி ஆனார். செய்வினை என்று சொல்லி எங்கெங்கோ அழைத்துப் போனோம். கடைசியில் அவருக்கு என் பெயர் தெரியவில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னையும் அண்ணியையும் உட்காரவைத்துச் சொன்னாள். இளம் வயதிலேயே வருகிற மறதி நோய். சில குடும்பங்களில் பரம்பரையாக இறங்கும், இது அந்த வகை. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு, வராமல் போவதற்குப் பாதி வாய்ப்பு. இன்னும் ஒன்றும் வராதவர்களும் ரத்தம் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம், கட்டாயம் இல்லை. "வரும், வராதுன்னு சொல்லும்மா. எப்போன்னு சரியா சொல்லாது. தெரிஞ்சா நிறுத்தறதுக்கு மருந்தும் இப்ப இல்ல. அதனால நல்லா யோசிச்சிட்டு வாங்க," என்றாள். பஸ்ஸில் வரும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கெல்லாம் வராது. நீ படிச்சவ," என்றார். ஒடுகத்தூர் வரும் வரை அவர் கையை விடவில்லை.

எனக்குப் பாதி. எனக்கு இருந்தால் உனக்குப் பாதி. அப்படியென்றால் இன்றைய தேதியில் உனக்குக் கால். இந்தக் கணக்கை நான் அந்த பஸ்ஸிலேயே போட்டுவிட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் பதினேழால் வகுக்கிறேன். கணக்கு சரியாக வராத நாள் எதுவும் இல்லை, இன்று வரை. டாக்டரிடம் கேட்டால் ஒரு வகுத்தலில் தப்பு வந்தது நோயாகாது, பயத்திலும் தூக்கக் கலக்கத்திலும் யாருக்கும் வரும் என்பாள். உண்மையாகவே அப்படியும் இருக்கலாம். பயந்தவள் போடுகிற கணக்கு எப்போதும் சரியாக வராது என்பதும் வகுப்பில் நான் பார்த்ததுதான். ஆனால் எது பயம், எது நோய் என்று என் தலைக்கு உள்ளேயிருந்து எனக்குத் தெரியவில்லை. அளக்கிற கருவியையே அளக்க வேண்டுமானால் அதை வைத்து எப்படி அளப்பது?

உன் அப்பாவிடம் ஒரு முறை பேசிப் பார்த்தேன். சாமைக் கதிரை அடித்துத் தூற்றிக்கொண்டிருந்தார். பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? மருந்து கீதா அதுக்கு?"

"இல்ல."

"அப்பறம்? நல்லாத்தான கீற. கணக்குல என்னிய தூக்கி சாப்புடுவ. சும்மா இல்லாததுலாம் நெனச்சிக்கினு." அதோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. உன் அப்பாவுக்குப் பயம் வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார், இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாதா. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீயும் ஒரு நாள் பயப்படுவாய், உன் வீட்டுக்காரியும் பயப்படுவாள். ஒருவர் பயத்தில் கத்துவார், இன்னொருவர் பாத்திரம் தேய்ப்பார். கத்துவதையும் தேய்ப்பதையும் பார்த்துச் சண்டைக்குப் போகாதே. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார். புருஷன் பொண்டாட்டி என்று ஆன பிறகு நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

நிச்சயதார்த்தத்துக்குக் கண்ணமங்கலம் போனோமே, அன்றைக்கு நடந்த ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லாம் முன்கட்டில் இருந்தீர்கள். பெண்ணின் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க. உங்க வகையில சக்கர, வலிப்பு, அந்த மாரி எதனா உண்டுங்களா?" என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

"அதெல்லாம் இல்லைங்க," என்றேன்.

"உங்க அண்ணன் வரலியே?"

"அவருக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்லைங்க."

"இன்னா ஒடம்புக்கு?"

"மறதி."

அவர் சிரித்துவிட்டார். "எனக்குந்தாங்க. அடுப்புல பால வெச்சிட்டு டிவி முன்னாடி குந்திக்கறேன். பொங்கி வழிஞ்சி வூடெல்லாம் நாறினதுக்கப்பறந்தான் ஓடியாறேன்." நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சர்க்கரை இல்லை, வலிப்பு இல்லை, அண்ணனுக்கு மறதி. விடை எல்லாம் சரி. அப்படிச் சரியாகப் பதில் சொல்லி ஒருத்தியை ஏமாற்ற முடியும் என்று அந்தச் சமையல்கட்டில்தான் தெரிந்துகொண்டேன். உன் வருங்காலப் பெண்டாட்டி அப்போது தட்டில் கேசரியோடு வந்து, "அத்தை, எங்க அம்மா உங்கள இன்டர்வியூ பண்றாங்களா? நான் பாஸ் போட்டுட்டேன், நீங்க சாப்பிடுங்க," என்றாள். அந்தத் தட்டை வாங்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் உன்னோடு வாழப் போகிறவள். பிள்ளை பெறப் போகிறவள். உன்னிடம் இருக்கிற அந்தக் கால் அவளுடைய பிள்ளைக்கு அரைக்கால். இதை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். நான் போய்ச் சொன்னால் அது மாமியார் சொன்னதாகிவிடும், நீதான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று நான் எழுதித்தர மாட்டேன். அவள் போய்விடலாம். போனால் அவளைத் திட்டாதே, அவள் அம்மாவையும் திட்டாதே. இருந்தால், அவள் முன்னால் உன் கணக்கை எப்போதும் படிப்படியாகப் போடு. விடையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகாதே. நானும் உன் அப்பாவும் இத்தனை வருடம் ஒருவருக்கொருவர் விடையை மட்டும் சொல்லிக்கொண்டே வாழ்ந்துவிட்டோம். இப்போது நடுவில் ஒரு படி தப்பிப் போனாலும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் எழுந்து மாட்டிடம் போய்விடுகிறார்.

ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இத்தனை மாதம் ஓட்டிவிட்டேன். தெரியாமல் இருக்கிற வரைக்கும் பாதி நல்லது என் பக்கம் இருக்கிறது, அதை ஏன் கையை விட வேண்டும் என்று தோன்றும். வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது கேட்டு நான் ஒரு நொடி தயங்கினால்கூட கரும்பலகைப் பக்கம் திரும்பி விடையை எழுதிச் சரிபார்ப்பேன். கடையில் ஒரு பெயர் நினைவுக்கு வரவில்லை என்றால் பஸ் ஏறும் வரை அதையே தோண்டிக்கொண்டிருப்பேன். இன்று தொட்டியடியில் நின்றபோது வேறொன்றும் தெரிந்தது. எனக்கு நோய் இல்லை என்று வந்தால் உன் கால் அந்த நிமிடமே பூஜ்யமாகிவிடும். உனக்கு மட்டும் இல்லை, உன் பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கும். அதைப் பூஜ்யமாக்கக்கூடிய ரத்தம் உன்னிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. உனக்கு இருபத்து நான்கு வயது, கல்யாணத்தை வைத்துக்கொண்டு நீ ஏன் முதலில் போய் ஊசிக்குக் கை நீட்ட வேண்டும்? முதலில் நிற்க வேண்டியவள் நான். எனக்கு இருக்கிறது என்று வந்தால் உன் கால் அரையாக ஏறிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதும்போது பேனா நகரவில்லை. ஆனால் ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அது நான் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது, பார்ப்பதால் வந்துவிடப் போவதில்லை. தெரிய வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. முடிவு வந்ததும் நானாக உன்னிடம் வாய் திறக்க மாட்டேன், நீ கேட்டால் மட்டும் சொல்வேன். என்றாலும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்ட பிறகு நீ ஒன்றும் தெரியாதவனாக இருக்க முடியாது. அந்த அளவுக்கு உன் நிம்மதியை நான் பறித்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

அதனால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வேலூர் போகிறேன். அந்தச் சின்ன டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுக்கப் போகிறேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை, அண்ணியிடம் சொல்லவில்லை, பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் ரத்தம் கொடுத்த பிறகு வேலூரிலேயே தபாலில் போடுகிறேன், நீ போன் செய்து தடுக்கக் கூடாது. உன் அப்பாவிடம் கல்யாணத்துக்குப் புடவை பார்க்கப் போவதாகச் சொல்வேன். நானும் வருகிறேன் என்பார், பிறகு புடவைக் கடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்பது நினைவுக்கு வந்து கொல்லியில் வேலை இருப்பதாகச் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஒரு புடவையும் எடுக்க வேண்டும். வெறுங்கையோடு வந்தால் அவர் என் முகத்தைப் பார்ப்பார்.